மோட்டார் வாங்குவதற்கு முன்: ஆய்வகத்துக்கு ஓர் அலை எழுப்பி கட்டும் வழி

"ஒரு சின்ன வேவ் ஃப்ளூம் செய்யப் போகிறோம், எந்த மோட்டார் வாங்கலாம்?" பெரும்பாலும் கேள்வி இப்படித்தான் ஆரம்பிக்கும். வேவ் ஃப்ளூம் என்றால் அலைகளை எழுப்பி அளந்து பார்க்கும் நீளமான தொட்டி. நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். லாரி வைப்பர் மோட்டார் ஒன்று, அதன் சுழற்சியை முன்பின் அசைவாக்க ஒரு கிராங்க், ஒரு ப்ளைவுட் பலகை, நாலு மீட்டர் கண்ணாடித் தொட்டி. சுவிட்சைப் போட்டதும் அழகாக அலை கிளம்பியது. எட்டு விநாடிதான். அதற்குப் பிறகு உள்ளே இருந்ததை அலை என்று சொல்ல முடியாது, தண்ணீர் நிறைந்த அண்டாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடந்தால் எப்படித் தளும்புமோ அப்படித் தளும்பியது. கடைசிச் சுவரில் மோதிய அலை திரும்பி வந்து, பலகையில் மோதி, மறுபடி போய், புதிதாக வருகிற அலையோடு கலந்து, எதை அளப்பது என்றே தெரியவில்லை.

மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. நான் கட்டியிருந்தது அலை எழுப்பி மட்டும், அலையை வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. அதனால் இந்த வேலையை எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்று சொல்கிறேன்: எந்த அலை வேண்டும், அது எங்கே போய்ச் சாகும், அதற்கு எவ்வளவு நீளம், பலகை எப்படி நகர வேண்டும், எவ்வளவு விசை, கடைசியாக மோட்டார். பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரே ஓர் உதாரணத்தை முழுக்கப் பிடித்துக்கொள்ளலாம். கல்லூரி ஆய்வகத்தில் அடங்குகிற ஃப்ளூம்: 12 மீ. நீளம், 40 செ.மீ. அகலம், தண்ணீர் ஆழம் 30 செ.மீ. தண்ணீர் மட்டுமே 1440 கிலோ வரும், கண்ணாடி, இரும்புச் சட்டம் எல்லாம் சேர்த்தால் இரண்டு டன்னைத் தாண்டலாம், எனவே மாடியில் வைப்பதாக இருந்தால் முதலில் கட்டடப் பொறியாளரைப் பாருங்கள்.

எந்த அலை வேண்டும்?

மூன்று எண்கள் தேவை: ஆழம், அலைவு காலம், அலை உயரம். இவை கையில் இல்லாமல் ஒரு போல்ட் கூட வாங்காதீர்கள். துறைமுகம், மிதவை போன்றவற்றின் சிறு மாதிரியை வைத்துச் செய்யும் சோதனை என்றால் எண்கள் கடலிலிருந்து வரும். ஈர்ப்பு விசைதான் இந்த அலைகளை ஆள்கிறது என்பதால் ஃப்ரூட் விதிப்படி சுருக்குவார்கள்: நீளங்கள் அளவுகோலின்படி குறையும், காலம் அளவுகோலின் வர்க்கமூலப்படி குறையும், விசை மும்மடிப்படி. 1:50 என்று வைத்தால் 15 மீ. ஆழக் கடல் நமக்கு 30 செ.மீ. ஆகிறது, 8 விநாடி அலை 1.13 விநாடி ஆகிறது, 2 மீ. அலை 4 செ.மீ. ஆகிறது. ரொம்பவும் சுருக்கப் போனால் பரப்பு இழுவிசை குறுக்கே வந்துவிடும். அலைநீளம் 1.7 செ.மீ. அளவுக்கு இறங்கினால் ஈர்ப்பு விசைக்குச் சமமாகப் பரப்பு இழுவிசையும் வேலை செய்கிறது, அது கடல் அலையே இல்லை. 0.35 விநாடிக்குக் குறைந்த அலைவு காலத்தையும் 2 செ.மீ.க்குக் குறைந்த ஆழத்தையும் தொடாமல் இருப்பது வழக்கம்.

அடுத்து அலைநீளம். ஆழ்கடலில் என்றால் 1.56ஐக் காலத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் மீட்டரில் விடை வந்துவிடும். நம் தொட்டியில் தரை கிட்டத்தில் இருப்பதால் அந்த விடையை இன்னொரு காரணியாலும் பெருக்க வேண்டும்: ஆழத்தை அலைநீளத்தால் வகுத்து, 6.283ஆல் பெருக்கி, வருவதற்கு டேன்ஹெச் (எக்செலில் TANH என்ற சார்பு) எடுங்கள். அலைநீளம் இரண்டு பக்கமும் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். எக்செலில் ஒரு மதிப்பைப் போட்டு, வந்த விடைக்கும் பழைய மதிப்புக்கும் சராசரி எடுத்து, அதையே திரும்பப் போட்டால் பத்துப் பன்னிரண்டு வரிசையில் அடங்கிவிடும். 30 செ.மீ. ஆழத்துக்கு நான் போட்ட கணக்கு:

0.6 விநாடி: அலைநீளம் 0.56 மீ.
1.0 விநாடி: 1.37 மீ.
1.5 விநாடி: 2.34 மீ.
2.0 விநாடி: 3.26 மீ.

உயரத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆழமான தண்ணீரில் உயரம் அலைநீளத்தில் ஏழில் ஒரு பங்கை நெருங்கினால் அலை உடையும், ஆழம் குறைந்த இடத்தில் ஆழத்தின் முக்கால் பங்கைத் தாண்டினால் உடையும். 0.6 விநாடி அலைக்கு அந்த எல்லை 8 செ.மீ. அதில் பாதிக்கு மேல் ஆசைப்படாதீர்கள், அலை ஒழுங்காக இருக்காது. மற்றவற்றுக்கு 8 செ.மீ. என்று நம் இலக்கை வைத்துக்கொள்ளலாம்.

கரை முதலில், பலகை அப்புறம்

புதிதாகக் கட்டுகிறவர்கள் கடைசியில் மிச்சமான இடத்தில் மிச்சமான காசில் செய்வது அலை போய்ச் சாகும் இந்தக் கரையைத்தான். நான் சொல்வேன், பட்ஜெட் போடும்போதே இதற்கு ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுங்கள்.

சாதாரண, நம்பகமான முறை சரிவான கரை. சரிவு 1:5ஐவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது, 1:8, 1:10 என்றால் நல்லது. நீள அலைகள்தான் தொல்லை கொடுப்பவை, குட்டையான அலைகள் எந்தக் கரையிலும் உடைந்து செத்துவிடும், 2 விநாடி அலையோ சரிவில் வழுக்கி ஏறி அப்படியே திரும்பி வரும். நம் 30 செ.மீ. ஆழத்துக்கு 1:8 சரிவு என்றால் தண்ணீருக்குள் 2.4 மீ., மேலே ஏறும் அலைக்கும் கொஞ்சம் இடம் விட்டு 3 மீட்டர். வழுவழுப்பான தகடாக விடாமல் துளைத்தகடு, பிளாஸ்டிக் வலை, பாத்திரம் தேய்க்கும் நார் மாதிரியான பொருள்களை அதன் மேல் அடுக்குங்கள். தண்ணீர் அந்த இடுக்குகளில் புகுந்து வெளியேறும்போதுதான் ஆற்றல் தீர்கிறது. நம் ஊரில் உடனே தோன்றுவது தென்னை நார்ப் பாய். அலையை நன்றாகவே குடிக்கும், ஆனால் ஒரே வாரத்தில் தொட்டித் தண்ணீர் டிகாக்‌ஷன் மாதிரி ஆகிவிடும், பிறகு அழுகல் வாடை. கண்ணாடி வழியாகப் படம் எடுக்க வேண்டியவர்கள் பிளாஸ்டிக்கோடு நின்றுகொள்ளுங்கள்.

திரும்பும் அலையின் உயரம் வந்த அலையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் கற்பிக்கும் ஆய்வகத்துக்குப் போதும். 5 சதவீதம் என்றால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

இப்போது நீளத்தைப் பங்கு போடுங்கள். பலகைக்குப் பின்னால் 1 மீ. பலகைக்கு முன்னால் ஆழத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்கு எதையும் அளக்கக் கூடாது. பலகை தள்ளும் விதமும் தண்ணீர் இயல்பாக அசையும் விதமும் ஒன்றல்ல என்பதால் அங்கே போலி அலைவு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அது எங்கும் பயணிக்காது, அந்தத் தூரத்துக்குள் தேய்ந்துவிடும். நமக்கு 90 செ.மீ., 1 மீ. என்று வைப்போம். கரைக்கு 3 மீ. மிச்சம் 7 மீ., அதாவது 2 விநாடி அலையில் இரண்டு அலைநீளம். 12 மீட்டர் என்பது கேட்க நிறைய, கணக்குப் போட்டால் இவ்வளவுதான். ஆறு மீட்டர் தொட்டியில் 2 விநாடி அலை எழுப்பப் பார்ப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று இப்போது புரியும். சென்னை ஐஐடி கடல்சார் பொறியியல் துறையின் ஃப்ளூம்களில் ஒன்று 72.5 மீ. நீளம், 2 மீ. அகலம், 2.7 மீ. ஆழம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் உள்ள டெல்டா ஃப்ளூம் 300 மீ. பந்தாவுக்காக யாரும் அவ்வளவு நீளம் கட்டுவதில்லை.

அகலத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. தொட்டியின் குறுக்கே தண்ணீர் இங்குமங்கும் தளும்புவதற்கு ஓர் இயல்பான காலம் உண்டு. அலைநீளம் அகலத்தின் இரண்டு மடங்காகும்போது அது எழும். 40 செ.மீ. அகலத்துக்கு 80 செ.மீ. அலைநீளம், அதாவது ஏறத்தாழ 0.72 விநாடி. பலகை துல்லியமாக நேராக இருந்தால் பெரிய பிரச்சினை இல்லை, ஒரு மில்லிமீட்டர் கோணலாக இருந்தாலும் அந்தக் காலத்தில் அலை முகடு இடது வலது என்று சாய ஆரம்பிக்கும். இன்னொரு வில்லங்கம், பலகையின் அதிர்வெண் அந்தக் குறுக்கு அலைவின் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்கு ஆனாலும் குறுக்கலை தானாக வளரும். நமக்கு அது 0.36 விநாடியில் வருவதால் தப்பித்தோம். அகலமான தொட்டி கட்டுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் போட்டுப் பார்த்துவிட்டு அகலத்தை முடிவு செய்யுங்கள்.

பிஸ்டனா, ஃப்ளாப்பா?

பலகை முழுதாக முன்னும் பின்னும் நகர்ந்தால் பிஸ்டன். அடியில் கீல் வைத்து மேல் பகுதி மட்டும் ஆடினால் ஃப்ளாப். ஆழம் குறைந்த தண்ணீரில் அலைக்கு அடியில் உள்ள தண்ணீர் மேலிருந்து கீழ்வரை கிட்டத்தட்ட ஒரே அளவில் முன்னும் பின்னும் போகும், பிஸ்டன் அதைத்தான் செய்கிறது. ஆழமான தண்ணீரில் அசைவு மேலே அதிகம், கீழே ஒன்றுமில்லை, அதற்கு ஃப்ளாப் பொருந்தும். பலகையின் அசைவு தண்ணீரின் அசைவோடு எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவுக்கு நான் மேலே சொன்ன போலி அலைவு குறையும். துறைமுகம், கரையோரம், அலைதடுப்பு என்றால் பிஸ்டன். மிதவை, கப்பல், அலை மின்சாரம் என்றால் ஃப்ளாப். ஐஐடி ஃப்ளூமில் ஒரே பலகையை இரண்டு விதமாகவும் இயக்க வழி வைத்திருக்கிறார்கள், நமக்கு அந்த வசதி வேண்டாம்.

ஆப்பு வடிவக் கட்டையை மேலும் கீழும் தண்ணீரில் முக்கி எடுக்கும் ப்ளஞ்சர் வகையும் உண்டு. கட்டுவது சுலபம், கணக்குப் போடுவது சிரமம், புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்ட்ரோக் எவ்வளவு?

ஸ்ட்ரோக் என்பது பலகை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நகரும் தூரம். இங்கே ஒரு அழகான சுருக்கு வழி இருக்கிறது, 1964இல் கால்வின் காட்டியது. பிஸ்டன் ஒரு முறை முன்னால் போகும்போது தள்ளும் தண்ணீர் எங்கே போகும்? அலை முகடாக மேலே எழும். தள்ளிய கொள்ளளவையும் முகட்டில் உள்ள கொள்ளளவையும் சமம் என்று வையுங்கள், முடிந்தது. அலை உயரத்துக்கும் ஸ்ட்ரோக்குக்கும் உள்ள விகிதம் 6.283ஐ ஆழத்தால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் வருவது. கீல் வைத்த ஃப்ளாப் பாதித் தண்ணீரைத்தான் தள்ளும் என்பதால் அதற்கு இதில் பாதி.

முழுக் கோட்பாடு 1929இல் ஹேவ்லாக் போட்ட அடித்தளத்தில் நிற்கிறது, அதன் சூத்திரம் எந்தக் கடலோரப் பொறியியல் பாடப்புத்தகத்திலும் கிடைக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். 2 விநாடி அலைக்குச் சுருக்கு வழி 0.579 என்கிறது, முழுச் சூத்திரம் 0.577. 1.5 விநாடிக்கு 0.80, அதுவும் பொருந்துகிறது. 1 விநாடிக்கு 1.37க்குப் பதில் 1.30, ஐந்து சதவீத வித்தியாசம். 0.6 விநாடியில் சுருக்கு வழி கைவிட்டுவிடும், 3.36 என்று உளறும், உண்மையில் பிஸ்டனின் விகிதம் 2ஐத் தாண்டவே தாண்டாது.

ஆக 8 செ.மீ. அலைக்கு 2 விநாடியில் 14 செ.மீ. ஸ்ட்ரோக், 1.5 விநாடியில் 10, 1 விநாடியில் 6.2 செ.மீ. கவனித்தீர்களா, அதே உயரத்துக்கு நீள அலைதான் அதிக ஸ்ட்ரோக் கேட்கிறது. கணக்கில் வருவது கையில் அப்படியே வராது. 1960இல் அர்செல், டீன், யூ மூவரும் ரொம்பக் கவனமாக அளந்து பார்த்தபோதே சிறிய அலைகளில் கோட்பாட்டைவிட 3.4 சதவீதமும், செங்குத்தான அலைகளில் 10 சதவீதமும் குறைவாகத்தான் கிடைத்தது. நம் பலகை ஓரத்தில் ஒழுகுவது அதைவிட அதிகமாக இருக்கும். 20 செ.மீ. ஸ்ட்ரோக் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நிமிடம். 2004க்குப் பிறகு நம் கடற்கரையில் இருக்கும் எந்தக் கல்லூரியிலும் மாணவர்கள் கேட்பது "சுனாமி காட்ட முடியுமா சார்?" என்பதுதான். தனி அலை ஒன்றை, அதாவது பள்ளம் இல்லாமல் ஒரே முகடாகப் போகும் அலையை, எழுப்பிக் காட்டுவார்கள். அது சுனாமியின் சரியான நகல் இல்லை, உண்மைச் சுனாமி அதைவிட மிக நீளமானது, இருந்தாலும் கரையேறுவதைக் காட்ட உதவும். அதற்கு ஸ்ட்ரோக் வேறு கணக்கு: அலை உயரத்தையும் ஆழத்தையும் பெருக்கி, 16ஆல் பெருக்கி, 3ஆல் வகுத்து, வர்க்கமூலம். 8 செ.மீ. தனி அலைக்கு 36 செ.மீ. வருகிறது! 5 செ.மீ.க்கே 28. இந்த ஆசை இருந்தால் இப்போதே பலகை ஓடும் தண்டவாளத்தை 40 செ.மீ.க்கு வாங்கிவிடுங்கள், பிறகு நீட்ட முடியாது. டெல்டா ஃப்ளூமின் ஸ்ட்ரோக் 7 மீட்டர் என்பதைப் படித்தபோது எனக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வந்தது.

பின்னால் தண்ணீர் இருக்கலாமா?

பலகைக்குப் பின்பக்கம் காலியாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும் அலை எழும், ஆற்றல் வீணாகாது. ஆனால் நிற்கும் தண்ணீரே பலகையைத் தள்ளிக்கொண்டிருக்கும். 30 செ.மீ. ஆழம், 40 செ.மீ. அகலத்துக்கு அது 177 நியூட்டன், ஏறக்குறைய 18 கிலோ எடை. அலை எழுப்பத் தேவையான விசையோ 1 விநாடி, 8 செ.மீ. அலைக்கு உச்சத்தில் 30 நியூட்டன்தான்! அந்த அலை சுமந்து போகும் திறன் மூன்று வாட். கைபேசி சார்ஜர் கூட அதைவிட அதிகம் தரும். காலிப் பின்பக்கம் வைத்தால் மோட்டார் அலையோடு போராடுவதைவிட நிலைத்த அழுத்தத்தோடுதான் அதிகம் போராடும், சுற்றிலும் கசியாத ரப்பர் சீலும் வேண்டும். எடின்பரோவில் ஸ்டீஃபன் சால்டர் குழு 1970களில் இருந்து அந்த வழியில் போய், பலகை மேல் படும் விசையை அளந்தே திரும்பி வரும் அலையை உறிஞ்சும் பலகைகளைச் செய்தது. அற்புதமான வேலை, ஆனால் முதல் முயற்சிக்கு ஏற்றதல்ல.

இரண்டு பக்கமும் தண்ணீர் விடுங்கள். நிலை அழுத்தம் சமமாகிவிடும். பின்னாலும் அலை எழும், விசை இரண்டு மடங்கு, 60 நியூட்டன், அதனால் ஒன்றும் குடி முழுகாது. ஆனால் அந்தப் பின் அறையை வெறும் தண்ணீரோடு விடாதீர்கள். 1 மீட்டர் நீள அறையில் 2 மீட்டர் அலைநீளம் ஒத்ததிரும், அது நம் தொட்டியில் சுமார் 1.3 விநாடியில் வருகிறது, நம் வேலை செய்யும் எல்லைக்கு நட்ட நடுவில். பின் அறை முழுக்க வலையை அடைத்து வையுங்கள்.

பலகைக்கும் சுவருக்கும் இடைவெளி 2, 3 மி.மீ. ரப்பர் வைப்பரால் இறுக்கிப் பிடித்தால் ஒழுகாது, ஆனால் உராய்வில் பலகை திக்கித் திக்கி நகர்ந்து அலையின் மேல் சின்னச் சின்னச் சுருக்கங்களை விடும். நான் ரப்பரைக் கழற்றிவிட்டு மெல்லிய பிரஷ் பட்டை வைத்தேன், நிம்மதி. பலகைக்கு ப்ளைவுட் வேண்டாம், எப்பாக்சி பூசினாலும் திருகு துளைகளில் ஊறி உப்பும். 12 மி.மீ. அக்ரிலிக் அல்லது பி.வி.சி. தகடு, பின்னால் விலா எலும்பு மாதிரிக் குறுக்குச் சட்டங்கள். அலுமினியத்தில் செய்தால் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள் தொடும் இடத்தில் நைலான் வாஷர் போடுங்கள், இல்லாவிட்டால் அலுமினியம் அரித்துப் போகும். தண்டவாளம், பேரிங் எல்லாம் தண்ணீருக்கு மேலே. நீருக்கடியில் பேரிங் வைக்கும் வடிவமைப்பைப் பார்த்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

சரி, இப்போது மோட்டார்

கிராங்க் வைத்தால் மலிவு. ஆனால் கிராங்க், இணைப்புத் தண்டு சேர்ந்த அமைப்பு சுத்தமான சைன் அசைவைத் தராது. தண்டு கிராங்கைப் போல ஐந்து மடங்கு நீளம் என்றால் இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் 5 சதவீத அசைவு கலந்திருக்கும். 5 சதவீதம்தானே என்று விடாதீர்கள். 2 விநாடி அலைக்கு நம் பலகையின் விகிதம் 0.58, அந்த உபரி அசைவு 1 விநாடியில் நடப்பதால் அதற்கு விகிதம் 1.30. பலகையில் 5 சதவீதமாக இருந்தது தண்ணீரில் 11 சதவீதமாக நிற்கும். போதாததற்கு அந்தக் குட்டி அலை தன் வேகத்தில் தனியாக நடக்கும், பெரியது விநாடிக்கு 1.63 மீ., குட்டி 1.37 மீ. அதனால் தொட்டியில் ஒவ்வோர் இடத்திலும் அலையின் வடிவம் வேறாகத் தெரியும், "காலையில் அளந்தது மாலையில் வரவில்லை" என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள், உண்மையில் அலை உயரத்தை அளக்கும் ப்ரோபை அரை மீட்டர் தள்ளி வைத்திருப்பீர்கள். கிராங்க்தான் கட்டுப்படியாகும் என்றால் ஸ்காட்ச் யோக் (கிராங்கின் முளை ஒரு நேர்ப் பள்ளத்துக்குள் ஓடி பலகையைத் தள்ளும் அமைப்பு) செய்யுங்கள், அது சுத்தமான சைன் தரும். (பலகை சுத்தமான சைனாக நகர்ந்தாலும் ஆழம் குறைந்த தண்ணீரில் கொஞ்சம் குட்டி அலை வரத்தான் செய்யும். அதைச் சரிக்கட்டும் இரண்டாம் படிக் கோட்பாட்டை 1996இல் ஷேஃபர் முழுமையாகத் தந்தார், அதை அடுத்த வருடம் படித்துக்கொள்ளலாம்.)

கொஞ்சம் காசு இருந்தால், சொன்ன இடத்துக்குச் சொன்ன வேகத்தில் நகரும் சர்வோ மோட்டாரும், அதன் சுழற்சியை நேர்கோட்டு நகர்வாக்கும் பால் ஸ்க்ரூவும். வேகம்: சாதாரண அலைகளுக்குப் பலகையின் உச்ச வேகம் விநாடிக்கு 22 செ.மீ.யைத் தாண்டவில்லை, 8 செ.மீ. தனி அலைக்கு 41 செ.மீ. அரை மீட்டர் என்று வைப்போம். ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. நகரும் ஸ்க்ரூ, நிமிடத்துக்கு 3000 சுற்று, சரியாக அரை மீட்டர். விசை: அலைக்கு 60 நியூட்டன், பலகையின் சொந்த எடையை முடுக்க இருபது சொச்சம், அதோடு ஒட்டி அசையும் தண்ணீர், உராய்வு, எல்லாம் சேர்த்து 100க்குப் பக்கம். பாதுகாப்புக்கு 250 என்று எடுத்தால் ஸ்க்ரூவில் அரை நியூட்டன் மீட்டருக்கும் குறைவான முறுக்கம் போதும். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் 400 வாட் சர்வோ 1.27 நியூட்டன் மீட்டர் தரும். தாராளம். பாருங்கள், இவ்வளவு தூரம் நடந்து வந்தபின் மோட்டார் தேர்வு ஒரு பத்தியில் முடிந்துவிட்டது.

இரண்டு கோடியிலும் லிமிட் சுவிட்ச், கைக்கு எட்டும் இடத்தில் அவசர நிறுத்தப் பொத்தான், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி. தண்ணீரும் மின்சாரமும் ஒரே மேசையில். இதில் பேரம் பேசாதீர்கள்.

முதல் நாள்

பலகையை எடுத்த எடுப்பில் முழு ஸ்ட்ரோக்கில் ஓட்டாதீர்கள். முதல் நாலைந்து அலைவுகளுக்குள் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறும்படி சிக்னலை எழுதுங்கள், நிறுத்தும்போதும் அப்படியே. ஓட்டத்துக்கு ஓட்டம் தண்ணீர் அசையாமல் நிற்கும் வரை ஐந்து பத்து நிமிடம் பொறுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் 13 விநாடிக்கு ஒருமுறை தொட்டி முழுக்க நீளவாக்கில் தளும்பிக்கொண்டிருக்கும், டீ குடித்துவிட்டு வருவதற்கு அதுதான் நேரம்.

அளப்பதற்கு இரட்டைக் கம்பி ப்ரோப் போதும். தண்ணீரின் மின்கடத்துதிறனை வைத்து வேலை செய்வதால் வெப்பநிலை மாறினால் அதுவும் மாறும், மே மாதம் காலைக்கும் மதியத்துக்கும் நடுவே நன்றாகவே மாறும், தினமும் ப்ரோபைத் தெரிந்த அளவுக்கு ஏற்றி இறக்கி அளவுதிருத்தம் செய்யுங்கள். தண்ணீர் மட்டத்தையும் அதே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், ஆவியாகிக்கொண்டே இருக்கும். வேலை இல்லாத நாளில் தொட்டியை வலை போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் கொசுப்புழு, அப்புறம் மாநகராட்சி ஊழியர் வந்து நிற்பார்.

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். பலகையிலிருந்து கரையின் அடி 8 மீ., உங்கள் மாதிரி 4 மீட்டரில் இருக்கிறது, 1 விநாடி அலை என்று வையுங்கள். அலைக்கூட்டம் விநாடிக்கு 0.93 மீட்டர் போகும், தனி முகடு போவதைவிட மெதுவாக. மாதிரியை 4.3 விநாடியில் தொடும். மாதிரியில் பட்டுத் திரும்பியது பலகைக்குப் போய் மறுபடி வருவது 13ஆவது விநாடியில். நடுவில் சுமார் எட்டு அலைகள்தான் சுத்தமானவை, அதிலும் ஆரம்ப ஏற்றத்தைக் கழித்துவிடுங்கள்.

மாதிரி எதையும் வைப்பதற்கு முன் கரையைச் சோதியுங்கள். ஒரே ஒரு ப்ரோப் போதும். அலையை ஓடவிட்டு, ப்ரோபைத் தொட்டியின் நீளவாக்கில் பாதி அலைநீளத்துக்கு மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால் உயரம் ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறையும். கூடியதிலிருந்து குறைந்ததைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். 8.6 செ.மீ.யும் 7.4 செ.மீ.யும் வந்தால் 7.5 சதவீதம் திரும்புகிறது. பின்னால் மூன்று ப்ரோப் வைத்து 1980இல் மன்சார்டும் ஃபுங்கேயும் சொன்ன முறைக்கு மாறலாம். 0.6, 1, 1.5, 2 விநாடி நான்குக்கும் இதைச் செய்து, ஸ்ட்ரோக், கிடைத்த உயரம், திரும்பிய சதவீதம் மூன்றையும் ஒரு தாளில் எழுதித் தொட்டிச் சட்டத்திலேயே ஒட்டிவையுங்கள். 2 விநாடிக்கு மட்டும் 15, 20 என்று வந்தால் மோட்டாரை முறைக்காதீர்கள், கரைக்குப் போய் இன்னும் இரண்டு அடுக்கு வலை போடுங்கள்.